ஆர்க்கிட்டுக்கு ஊற்றும் தண்ணீர்

தம்பி, நேற்று போனில் நீ ஆபரேஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி போனை அம்மா கையில் திணித்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். போனில் உன்னோடு எதையும் முழுசாகப் பேசி முடிக்க முடிவதில்லை. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லி, கடைசியில் "நீங்க சும்மா இருங்கப்பா" என்று வாயை அடைத்துவிடுகிறாய். தாலுகா ஆபீசில் காலமெல்லாம் பதில் எழுதியே பிழைத்தவன் நான். அதனால் எழுதுகிறேன். விஷயம் இதுதான்: உன் கல்யாணத்துக்கு முன்னால் எனக்குக் கொடுத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாயே, அந்தக் கிட்னி எனக்கு வேண்டாம். இதோடு நிறுத்தினால் நீ அடுத்த பஸ் பிடித்துத் திருநகருக்கு வந்து சண்டை போடுவாய். கொஞ்சம் பொறுமையாகப் படி. இப்போது வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே வேலை நீ வாங்கிக் கொடுத்த ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் நான் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்று அம்மா உன்னிடம் புலம்பியிருக்கிறாள். அடுத்த தடவை பெங்களூரிலிருந்து வரும்போது அட்டைப்பெட்டி ஒன்றை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். பிரித்தால், ஓட்டை போட்ட சின்னச் சின்னப் பூந்தொட்டிகள். உள்ளே அடுப்புக்கரியும் உடைந்த செங்கலும். அதற்கு நடுவே பச்சைக் குச்சி குச்சியாகச் செடி. "அப்பா, இதுக்கு மண்ணே வேண்டாம்" என்றாய். நான் சிரித்துவிட்டேன். திருவாதவூரில் பிறந்தவனிடம் மண் வேண்டாத செடி என்று சொன்னால் வேறென்ன செய்வான்? "வேர் காத்துல கிடக்கும்ப்பா. தண்ணி ஊத்தினா அம்புட்டும் கீழ ஓடிரணும். காஞ்சப்புறம்தான் மறுபடி ஊத்தணும். தேங்குச்சுன்னா செத்துரும்" என்று டியூஷன் எடுத்தாய். மாடிப்படிக்குக் கீழே வெயில் படாத இடத்தில் பச்சை வலை கட்டி, அதன் நிழலில் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, எனக்கு ஒரு பூவாளியும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாய். அப்பனுக்குப் பொழுதுபோக வேண்டும் என்று செய்தாய். எனக்குப் புரியாமலில்லை.

முதல் மாதம் போர் தண்ணீரைத்தான் ஊற்றினேன். நம் வீட்டு போர் தண்ணீரின் லட்சணம் உனக்குத் தெரியும். பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் சுண்ணாம்பு மாதிரி படியும். ஆர்க்கிட்டின் வேரில் அந்த உப்பு வெள்ளையாக ஏறி, இலை நுனி கருகத் தொடங்கியது. நீதான் போட்டோவைப் பார்த்துவிட்டு, குடிக்கிற ஃபில்டர் தண்ணீரை ஊற்றச் சொன்னாய். அம்மா விடுவாளா? ஃபில்டரிலிருந்து வெளியே போகிற கழிவுத் தண்ணீரைத்தானே அவள் காலகாலமாகக் கருவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் ஊற்றுகிறாள். "குடிக்கிற தண்ணிய இப்பிடி செடிக்குத் தூக்கி ஊத்துறீங்களே, ஊரெல்லாம் குடத்தத் தூக்கிக்கிட்டு அலையுது" என்று சத்தம் போட்டாள். "நான் குடிக்கிற பங்குதான் மிச்சமாயிருச்சுல்ல, அதை ஊத்துறேன்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் அடுப்படிக்குள் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

தாகத்தைப் பற்றி நான் உன்னிடம் பேசியதே இல்லை. டாக்டர் எனக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் என்று சொல்லியிருக்கிறார். காபி, ரசம், மோர் எல்லாம் அதில்தான் கணக்கு. கூடக் குடித்தால் கால் வீங்கும், மூச்சு முட்டும், மிஷினில் போடும்போது உடம்பு முறுக்கும். சித்திரை வெயிலில் மதுரையில் உட்கார்ந்துகொண்டு வாயில் ஒரு ஐஸ் துண்டை ஒதுக்கி வைத்துக்கொண்டு, அது கரையாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்துப் பார்த்திருக்கிறாயா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தெருவில் குழாயடியில் யாராவது வாயைத் துடைத்துக்கொண்டு போனால் எனக்கு அவர்கள் மேல் எரிச்சல் வரும். இப்படிப்பட்டவன் தினமும் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் பூவாளி நிறைய நல்ல தண்ணீரை எடுத்துப் போய் கரித்துண்டுகளின் மேல் ஊற்றுவேன். அது கரியை நனைத்து, வேரை நனைத்து, அடி ஓட்டை வழியாகச் சொட்டி, சிமெண்டுத் தரையில் ஓடிப் போகும். வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளிக்கம்பி மாதிரி இருக்கும், தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே பச்சையாகும். ஆரம்பத்தில் எனக்கு அந்தச் செடிகள் மேல் பொறாமைதான் வந்தது. சிரிக்காதே, உண்மை. பிறகு எப்படியோ, அந்த வேர் பச்சையாகிறதைப் பார்த்தால் என் தொண்டையில் கொஞ்சம் ஈரம் இறங்குகிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. டயாலிசிஸ் இல்லாத நாள் காலைகளில் அந்த நேரம் மட்டும் நான் ஒரு நோயாளி இல்லை. இதை நீ கொடுத்தாய். அதற்கு நான் உனக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. ஊதாப் பூ முதன்முதலாக விரிந்தபோது போட்டோ எடுத்து அனுப்பினேனே, அதுதான் நான் சொன்ன நன்றி என்று வைத்துக்கொள்.

பங்குனியில் பெரிய அத்தை திருவாதவூரிலிருந்து என்னைப் பார்க்க வந்ததும், அதன் பிறகு நடந்ததும் உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்கிறேன். அக்கா வந்த அன்று எனக்கு டயாலிசிஸ். நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். வீட்டில் தனியாக இருந்தவள் மாடிப்படிக்குக் கீழே பார்த்திருக்கிறாள். தொட்டியில் கரி, செங்கல் சில்லு, வெளியே தொங்குகிற வேர். நாங்கள் சாயங்காலம் வந்து சேரும்போது அத்தனை தொட்டியிலும் விளிம்பு வரைக்கும் கரம்பை மண் நிரம்பியிருந்தது. கோடையில் கண்மாய் வற்றினதும் வெட்டி எடுத்து வயலுக்கு அடிப்பார்களே, அந்தக் கரும்பசை மண். நம் முருங்கைக்குப் போடலாம் என்று ஒரு சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கையெல்லாம் மண்ணாக நின்றாள்.

"ஏன்டா தம்பி, செடிய கரியிலயா வைக்கிறது? வேரெல்லாம் வெளிய தொங்கி அதுக பாட்டுக்கு அநாதை மாதிரி கிடக்குதுக. பாக்கவே வயிறு எரிஞ்சிருச்சுடா. நம்ம வயக்காட்டுல கொட்டிவச்ச மண்ணு. நம்ம சொந்த மண்ணு. இனி பாரு, எம்புட்டுப் பூப் பூக்குதுன்னு" என்றாள்.

நான் என்ன சொல்ல முடியும்? உன் தாத்தா கடைசிவரை அடுத்தவர் வயலில்தான் நின்றார். அறுப்பு முடிந்து வீட்டுக்கு வரும்போது காலைக் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும், காலில் ஒட்டின மண்கூட நமக்குச் சொந்தமில்லை என்று அவர் சொல்லுவார். அக்காவும் மாமாவும் கூலிக்குப் போய், ஆடு வளர்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கின அரை ஏக்கர்தான் நம் வம்சத்தில் முதல் நிலம். அந்த நிலத்துக்கு அடிக்க வைத்திருந்த மண்ணில் ஒரு சாக்கு எனக்கென்று கொண்டுவந்திருக்கிறாள். அதைப் பார்த்து, "அக்கா, இது விஷம்" என்று சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டேன். அவள் ஊருக்குப் போனதும் மண்ணைக் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவள் கொண்டுவந்திருந்த இன்னொரு பையிலிருந்து இளநீரை எடுத்தாள். உடம்பு சூட்டுக்கு நல்லது, சாகக் கிடக்கிறவனும் எழுந்து உட்காருவான் என்று நம் ஊரில் எல்லோரும் இளநீரைத்தானே கொண்டுபோகிறார்கள். கிட்னி போனவனுக்கு இளநீரில் இருக்கிற பொட்டாசியம் நெஞ்சை நிறுத்திவிடும் என்று அவளுக்கு யார் சொன்னது? எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் படமே போட்டு ஒட்டியிருக்கிறது. அம்மா அந்நேரம் பால் வாங்கப் போயிருந்தாள். அக்கா அரிவாளால் சீவி, "குடிடா, என் கண்ணுல்ல" என்று நீட்டினாள். சில்லென்று கையில் இருந்தது. முழுசாகக் குடித்தேன். அவள் இரண்டாவதைச் சீவினாள், அதையும் குடித்தேன். அந்த ருசியை என்ன சொல்ல? இரண்டு வருஷ தாகம். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று உனக்கே தெரியும். மத்தியானம் கை கால் துவண்டு, நாடி விட்டு விட்டு ஓடி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். நீ கிடைத்த வண்டியைப் பிடித்து வந்து, ஐ.சி.யூ.வில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கோபமா பயமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பிழைத்து எழுந்ததும் திட்டின திட்டு ஞாபகம் இருக்கிறது. சின்னப் பிள்ளையைத் திட்டுகிற மாதிரி திட்டினாய். வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு ஐ.சி.யூ. வராண்டாவில்தான் நீ முடிவெடுத்தாய். அம்மாவின் கிட்னி எடுக்கிற நிலையில் இல்லை, அவளுக்கே பிரஷர். எனக்கும் உனக்கும் ஒரே ரத்த வகை. நீயே டாக்டரைப் பார்த்து, நீயே டெஸ்ட்டுக்குக் கையை நீட்டி, எல்லாம் பொருந்துகிறது என்று தெரிந்தபிறகு பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சிரித்துக்கொண்டு வந்து நின்றாய். நிச்சயம் பண்ணின பெண்ணிடமும் நீயே சொல்லியிருக்கிறாய். கவிதா அவள் அம்மாவோடு வீட்டுக்கு வந்தாளே, அன்று அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, எனக்கு முழுச் சம்மதம். எங்க அம்மா அழுகுறதப் பாத்து நீங்க மனசு மாறிராதீங்க. அவங்க சீரியல் பாத்தே அழுவாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி, நல்ல பெண்ணைப் பிடித்திருக்கிறாய். அவளுக்காகவும் சேர்த்துத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

செடிகளுக்கு என்ன ஆனது என்று நீ கேட்டபோதெல்லாம் "இருக்கு, இருக்கு" என்று மழுப்பினேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அம்மா ஓடியாடிக்கொண்டிருந்தாள். கூட இருந்த அக்காதான் காலையும் மாலையும் அந்தத் தொட்டிகளில் ஊற்றியிருக்கிறாள். தம்பி பிழைத்து வர வேண்டும், அதுவரை அவன் செடி வாடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஊற்றினாளாம். கரம்பை மண் தண்ணீரைக் குடித்தால் விடுமா? சேறு மாதிரி பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நான் வந்து கவிழ்த்துப் பார்த்தபோது, பச்சையாக இருந்த வேரெல்லாம் பழுப்பாகி, விரலால் தொட்டதும் தோல் கழன்று உள்ளே இருக்கிற நார் மட்டும் கையில் வந்தது. அழுகின வாடை. கழுவினேன், வெட்டினேன், வெட்டின இடத்தில் மஞ்சள் தூள் வைத்தேன், புதுக்கரி போட்டு மறுபடி வைத்தேன். ஒவ்வொன்றாகப் போய்விட்டது. வேர் இல்லாத செடிக்கு எவ்வளவு ஊற்றினாலும் அதற்குக் குடிக்கத் தெரியாது. இப்போது ஒரே ஒரு தொட்டியில் சுருங்கின தண்டு ஒன்று நிற்கிறது. தினமும் அதற்குக் கொஞ்சம் தெளிக்கிறேன். தளிர்க்கும் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை. எழுந்து போய்ச் செய்ய வேறு வேலை இல்லாததால் செய்கிறேன்.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. இளநீரால்தான் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. "செடி பிடிச்சிருச்சாடா?" என்று போன் போட்டுக் கேட்கிறாள். "பிடிச்சிருச்சுக்கா" என்கிறேன். உன்னையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், என் காலத்துக்குப் பிறகும் அவளிடம் சொல்லிவிடாதே. அவள் தாங்கமாட்டாள். பாசத்தோடு ஒரு காரியம் செய்தாள். அது ஆளைக் கொல்லப் பார்த்தது. அவள் மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. ஆனால் அடுத்ததாக அதே பாசத்தோடு நீ வந்து நிற்கிறாய். அப்போது நான் எதையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், இப்போது இருக்கமாட்டேன்.

காரணம் இதுதான். டெஸ்ட் எல்லாம் முடிந்த பிறகு டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "என் பிள்ளைக்குப் பின்னால என்ன ஆகும், ஒளிக்காம சொல்லுங்க" என்றேன். நல்ல மனிதர், ஒளிக்கவில்லை. உனக்கு இன்றைக்குச் சர்க்கரை இல்லை, கொடுப்பதற்குத் தடையும் இல்லை. ஆனால் குடும்பத்தில் சர்க்கரை இருக்கிற பிள்ளைக்கு நாளைக்கு வரலாம். வந்தால் இருக்கிற ஒரு கிட்னிதான் தாங்க வேண்டும் என்றார். உன் தாத்தா சர்க்கரையில் காலை இழந்தார். எனக்கு உன்னைவிடக் கொஞ்சம் பெரிய வயதிலேயே வந்துவிட்டது, அதுதான் இரண்டு கிட்னியையும் தின்றது. இந்தச் சொத்து மட்டும் நம் வீட்டில் யாரும் எழுதிவைக்காமலேயே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. "ஒரு கிட்னி போதும்ப்பா, எத்தனையோ பேரு இருக்காங்க" என்று வாதாடாதே. அவர்கள் என் பிள்ளை இல்லை. நீ ஒரு நாள் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கையில் ஊசியோடு, நாக்கு ஒட்டிக்கொண்டு, ஒரு ஐஸ் துண்டுக்கு ஏங்குவாய் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கிட்னியை வாங்கி என் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொண்டு, அந்தப் பயத்தோடு நான் உயிரோடு இருக்க முடியாது.

மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் என்று பெயர் பதிந்து வைத்திருக்கிறோம். பதிந்ததோடு சரி. எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் எத்தனையோ பேர், அதிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, நீயும் எதிர்பார்க்காதே. இப்படியே மிஷினுக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பேன், உடம்பு கேட்கிற வரைக்கும். கல்யாணத்தைத் தள்ளிப்போடாதே. நான் வேட்டி சட்டை போட்டு வாசலில் நின்று நாலு பேரைக் கும்பிடுகிற தெம்பு இருக்கும்போதே நடக்கட்டும். வருஷம் தவறாமல் ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார். கம்பெனியில் கொடுக்கிறார்கள் என்று நேரங்கெட்ட நேரத்தில் கண்டதையும் தின்னாதே. கவிதாவிடம் எதையும் மறைக்காதே. அவள் சண்டை போட்டால் போடவிடு, "நீ சும்மா இரு" என்று அவளிடம் சொல்லாதே. அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்துதான் பிடித்திருக்கிறாய், உன் அம்மாவைக் கேட்டால் சொல்லுவாள்.

இனி நீ கோபப்படப்போகிற விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் விருப்பத்தோடுதான் ஆபரேஷன் நடக்கிறதா என்று கேட்டார்கள். வாங்கிக்கொள்கிறவனையும் தனியாகக் கேட்பார்கள் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். மகன் கொடுக்கிறான், நான் வாங்கமாட்டேன் என்றேன். கேள்வி கேட்ட டாக்டரம்மா யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள், யோசித்துவிட்டேன் என்றேன். வீட்டுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் யாரும் போன் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். ஆபரேஷன் இல்லை. நீ வந்து எவ்வளவு கத்தினாலும் என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. நான் உன்னிடம் கேட்காமல் செய்தேன். உன்னிடம் கேட்டிருந்தால் உன் முகத்தைப் பார்த்து இளகிப் போயிருப்பேன், தம்பி. எனக்கும் உயிர் மேல் ஆசைதான்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சொல்லலாம் என்று மூன்று நாளாக வாயெடுக்கிறேன், அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையோ பேசிவிடுகிறேன். நீதான் வந்து சொல்ல வேண்டும். என்னால் முடியாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "யாருக்கு எழுதுறீங்க, தம்பிக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப இதையும் எழுதுங்க. தையல் போட்ட வயித்துல அவனால பேன்ட் போட முடியாதுல்ல, உறுத்தும். உங்க பழைய வேட்டி ரெண்ட நல்லா மெத்துனு ஆகுற வரைக்கும் துவைச்சு வச்சிருக்கேன், புதுசா எதுவும் வாங்கிட்டு வர வேணாம்னு எழுதுங்க." எழுதிவிட்டேன்.